ஐந்நூறு படிகளின் மேலே

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று சொல்வார்கள். அப்பழமொழியில் ஒரு பரிகாசம் மறைந்திருக்கின்றது. கிட்டப் போனால் அந்தப் பச்சை அவ்வளவு பச்சையாயிராது என்பதே அதன் உட்பொருள். ஆயினும், கிட்டப் போய்ப் பார்த்த பின்னரே ஓர் ஊரின்மீது உண்மையான மதிப்புப் பிறப்பதும் உண்டு. கிறீஸ் நாட்டைச் சேர்ந்த சிமி என்னுஞ் சிறு தீவில் எனக்கு அத்தகைய அனுபவம் ஒன்று வாய்த்தது. அங்கே நாங்கள் நின்றது ஒரு பகலில் ஆறரை மணித்தியாலம் மாத்திரமே. அந்த ஆறரை மணித்தியாலத்தின் கதையை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவனுக்கு ஐரோப்பியக் கடலில் உல்லாசப் பிரயாணம் என்பது எட்டாத கனி. எனது மணிவிழாவை ஆரவாரமாக நடத்த வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன். அதனால், அதற்கென்று சேர்த்து வைத்த பணத்தைப் பிள்ளைகள் இரண்டு கப்பற் சீட்டுக்களாக மாற்றி எங்கள் கையில் வைத்துவிட்டார்கள். இவ்வாறு நானும் என் மனைவியும் ஒரு வைகாசி மாதத்தில், ஏதென்ஸ் நகரின் துறைமுகமாகிய பிரேயசிலிருந்து புறப்பட்டோம். நான்காம் நாட் காலையிற் கப்பல் சிமித் தீவை அணுகியது.

முதலிற் கண்டது வெறும் பாறை மலை. சாம்பல் நிறமான அம்மலையில் மரமென்று சொல்லத்தக்க எதுவுங் கண்ணிற் படவில்லை. "இதைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டு வாய் மூடுமுன் கப்பல் ஒரு முனையைச் சுற்றித் திரும்பியது. மேல்தளத்தில் நின்ற அனைவரும் ஒருமிக்க "ஆ" என்றார்கள்.

குதிரை இலாடம்போல் வளைந்த ஒரு குடா. அதன் இரு கரைகளிலும் மலைச் சரிவிலே, நவராத்திரிக் கொலுப் படிகளில் அடுக்கிய பொம்மைகளைப்போல, ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கான வீடுகள். மஞ்சள், இளநீலம், காவி, சந்தன நிறம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வர்ணம். ஒவ்வொரு வீட்டின் நெற்றியிலும் பண்டைக் கிரேக்கக் கோயில்களின் சாயலில் ஒரு முக்கோண முகப்பு. இடையிடையே தேவாலயங்களின் மணிக்கூண்டுகள். காலை வெயில் அவ்வளவின்மீதும் விழுந்திருந்தது.

கப்பல் காத்திராது

சிமித் தீவு, றோட்ஸ் தீவுக்கு வடமேற்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கிறீசின் பன்னிரு தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அதை அணைத்தாற்போல் நீண்டு கிடக்கும் இரண்டு நிலமுனைகளும் துருக்கி நாட்டுக்குரியவை. தீவின் பரப்பு ஏறக்குறைய 58 சதுர கிலோமீற்றர். மலையின் உச்சி 600 மீற்றருக்கு மேல். ஆறு இல்லை. மழை நீரைத் தொட்டிகளிற் சேர்த்து வாழ்ந்த ஊர் அது. இன்று நிலையாக வாழ்வோர் இரண்டாயிரத்து ஐந்நூறு பேரளவினர்.

கப்பலிலிருந்து கரைக்குச் செல்வோருக்கு இரண்டு வழிகள் இருந்தன. கப்பற்காரர் ஒழுங்கு செய்த பஸ் வண்டியிலேறி, தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள பனோர்மிற்றிஸ் மடத்தைத் தரிசித்து மீள்வது ஒன்று. அதிதேவதூதர் மிக்கேலுக்குரிய அந்த மடம் கிரேக்க மாலுமிகள் பெரிதும் நேர்த்தி வைக்குமிடம். மற்றையது, கரையில் இறங்கி நம் காலை நம்பி நடப்பது. முன்னதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. அந்தத் தொகையை ரூபாயிற் பெருக்கிப் பார்த்த மனைவி, "நடப்போம்" என்றாள். எனக்கும் அதுவே விருப்பம். நாற்பது பேரோடு ஒரு கொடியின் பின்னால் ஓடிப் பார்ப்பது பார்வையாகாது.

வள்ளத்தில் ஏறுமிடத்தில் ஓர் இளம் அதிகாரி எங்களை நிறுத்தினார். "கடைசி வள்ளம் மாலை மூன்றரைக்கு. கப்பலின் பஸ்ஸில் செல்வோர் பிந்தினாற் கப்பல் காத்து நிற்கும். தனியே செல்வோருக்காகக் காத்திராது" என்று மரியாதையாகவும் அழுத்தமாகவும் சொன்னார். தனியே சென்று பார்ப்பதன் விலை இதுதான். பணம் மிச்சம், ஆனால் மணிக்கூட்டை நாமே சுமக்க வேண்டும்.

கரையிலே

கீழூருக்கு யாலோஸ் என்று பெயர். துறையின் வாயிலில் 19ஆம் நூற்றாண்டின் மணிக்கூட்டுக் கோபுரம் ஒன்று நிற்கின்றது. கரை நெடுகக் கடைகள். கடைகளின் வாயில்களிலெல்லாம் பொன்னிறமான கடற்பஞ்சுகள் கூடை கூடையாகத் தொங்கின.

கடற்பஞ்சு என்பது பஞ்சுமன்று, செடியுமன்று. கடலடியிற் பாறையைப் பற்றி வாழும் ஓர் எளிய பிராணி. நாம் குளிக்கவுந் துடைக்கவும் பயன்படுத்துவது அதன் எலும்புக்கூட்டையே. உயிரோடு எடுக்கும்பொழுது அது கறுத்த தோலும் வழுவழுப்பும் நாற்றமும் உடையது. அதைத் தளத்திற் போட்டு மிதித்து, கடல் நீரிற் கட்டித் தொங்கவிட்டு, மீண்டும் அடித்துப் பிழிந்து கழுவினால், உயிர்ப்பகுதி நீங்கி மென்மையான கூடு எஞ்சும்.

ஒரு கடைக்காரர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். "இவை அனைத்தும் இந்தத் தீவிலோ எடுக்கப்பட்டவை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஐயா, இவற்றில் ஒரு பங்கே நம் கடலது. மற்றவை வேறு கடல்களிலிருந்து வருகின்றன" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உள்ளங்கை அளவான ஒன்றை வாங்கிக்கொண்டு, மேலூருக்கு வழி கேட்டோம். அவர் எங்கள் இருவரின் தலைநரையையும் பார்த்தார். பின் எங்கள் சப்பாத்துக்களைப் பார்த்தார். "சிறிய பஸ் ஒன்று மேலே போகும். ஆனால் ஊரைக் காண வேண்டுமானாற் படிகளே வழி" என்றார்.

காலி ஸ்திராத்தா

மேலூரையும் கீழூரையும் இணைக்கும் கற்படிப் பாதைக்கு காலி ஸ்திராத்தா என்று பெயர். நல்ல பாதை என்பது பொருள். படிகள் ஏறக்குறைய ஐந்நூறு என்பர். நான் எண்ணத் தொடங்கினேன். இருநூறைத் தாண்டியதும் மூச்சு வாங்கவே, கணக்கைக் கைவிட்டேன்.

பாதை அகலமானது, ஆடம்பரமானது. இரு மருங்கும் மாளிகைகள். கீழே கப்பலிலிருந்து நாம் வியந்த முக்கோண முகப்புக்கள் இப்பொழுது எங்கள் தலைக்குமேல் நின்றன. செதுக்கிய கல் நிலைகள், இரும்புக் கொடிவேலை செய்த சிறு மேன்மாடங்கள், இரட்டைக் கதவுகள். வழியோரத்துப் பாறைகளில் முளைத்த வாசனைப் பூண்டுகள் வெயிலில் மணத்தன. ஒரு திருப்பத்தில் இளைப்பாற நின்றபொழுது, மனைவி ஒரு சாளரத்தினூடாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்த வீட்டுக்குக் கூரை இல்லை" என்றாள்.

நானும் பார்த்தேன். உள்ளே நீல வானம் தெரிந்தது. தளமும் கூரையும் இல்லாத நான்கு சுவர்களின் நடுவே ஓர் அத்திமரம் தழைத்து நின்றது. அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்த வீடு பழுது பார்க்கப்பட்டு, புது வர்ணம் பூசி, அழகிய பூட்டொன்று தொங்கியது. யாரோ விடுமுறைக்கு வந்து போகும் வீடு. அதற்கு மேலே மீண்டும் ஒரு வெறுங்கூடு. கப்பலின் மேல்தளத்தில் நின்று நாம் "ஆ" என்று வியந்தவற்றில் எத்தனையோ வீடுகள் முகம் மாத்திரமே உடையவை.

பூட்டிய வீட்டையும், சுவரைப் பிளந்து வளரும் மரத்தையும் காணும்பொழுது, எங்கள் ஊர்களை அறிந்தவர்களுக்கு மனத்தில் என்ன தோன்றும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் சிறிது நேரம் பேசாமல் நடந்தோம்.

ஆழமறியாத வாழ்வு

இந்த மாளிகைகள் எப்படி எழுந்தன, எப்படி வீழ்ந்தன என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

சிமி மக்கள் மிகப் பழைய காலந்தொட்டே கடலோடிகள். கிரேக்கரின் ஆதிகவியாகிய ஹோமர் தமது இலியட் காவியத்தில், சிமியிலிருந்து மூன்று கப்பல்களுடன் திரோய்ப் போருக்குச் சென்ற நிரேயுஸ் என்னும் மன்னனைக் குறிப்பிடுகின்றார். கிரேக்க சேனையில் அக்கிலீசுக்கு அடுத்த அழகன் அவனே. ஆனால் வலியற்றவன், அவன் பின் வந்த படையுஞ் சிறியது என்கின்றார். 16ஆம் நூற்றாண்டிலே துருக்கிச் சுல்தானின் ஆட்சி இப்பகுதியிற் பரவியபொழுதும், சிமி மக்கள் தங்கள் கடற்பஞ்சையும் கடற்றிறமையையும் கொண்டு பல சலுகைகளைப் பெற்று வாழ்ந்தனர். கப்பல் கட்டுதலும் பஞ்செடுத்தலும் அவர்களின் இரு கைகள்.

பழைய முறையிற் பஞ்செடுப்பவன் உடையின்றிக் குளிப்பான். தட்டையான கனத்த கல்லொன்றைக் கைகளில் ஏந்தி, அதன் பாரத்தால் ஆழத்துக்கு இறங்குவான். கல்லிற் கட்டிய கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் இருப்போர் கையில் இருக்கும். மூச்சு அடங்குமட்டும் பஞ்சுகளை அறுத்துச் சேர்த்துக் கயிற்றை அசைத்தால், மேலே நிற்பவர்கள் இழுத்தெடுப்பார்கள். நமது மன்னார்க் கடலில் முத்துக்குளித்தவர்களும் கல்லின் துணையாலேயே இறங்கினர் என்பதை மாணவர்கள் அறிவார்கள். எங்கோ இரண்டு கடல்களில், மனிதன் ஒரே உபாயத்தைக் கண்டிருக்கின்றான்.

இந்த முறையின் எல்லையைக் காட்டிய சிமித் தீவினர் ஒருவர் ஸ்தாத்திஸ் ஹாட்சிஸ். 1913ஆம் ஆண்டிலே இத்தாலியப் போர்க்கப்பல் ரெஜினா மார்கெரித்தா, கார்ப்பத்தோஸ் தீவின் அருகில் நங்கூரத்தை இழந்தது. அதைத் தேடி எடுக்க முன்வந்த இந்த மெலிந்த மனிதரைக் கப்பலின் வைத்தியர்கள் சோதித்தனர். நுரையீரலும் செவியும் பழுதுற்றிருக்கக் கண்டு, இவரால் ஆகாது என்றே எண்ணினர். அவரோ கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் 70 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கி நங்கூரத்தைக் கண்டுபிடித்தார்.

ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1860ஆம் ஆண்டுகளில், ஒரு புதுமை சிமிக்கு வந்துவிட்டது. செம்புத் தலைக்கவசமும், நீர் புகாத உடுப்பும், மேலிருந்து குழாய்வழியாகக் காற்றை அனுப்பும் பம்பும் அது. அதைக் கொண்டுவந்தவர், ஊராரின் அச்சத்தைப் போக்கத் தம் மனைவியையே அந்த உடுப்பை அணிவித்துக் கடலில் இறக்கிக் காட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. இனி மூச்சைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு நிமிடம் இரண்டு நிமிடமாக இருந்த வேலை ஒரு மணித்தியாலமாயிற்று. பஞ்சு குவிந்தது, பணம் குவிந்தது. காலி ஸ்திராத்தாவின் இருமருங்கும் மாளிகைகள் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சிறு தீவில் 20,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர்.

அத்தோடு வேறொன்றும் வந்தது. நீரின் ஆழத்தில் அழுத்தமான காற்றைச் சுவாசிக்கும்பொழுது, அதிலுள்ள நைதரசன் இரத்தத்திற் கரைகின்றது. விரைவாக மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தலிற்போல, அது குமிழிகளாக வெளிப்படும். அக்குமிழிகள் முள்ளந்தண்டிலே தங்கினால் கால்கள் விழுந்துவிடும்; மூளையையோ இருதயத்தையோ தாக்கினால் உயிர் போய்விடும். பிரெஞ்சு விஞ்ஞானி போல் பேர் 1878இல் இதன் காரணத்தை விளக்கினார். எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை பிரித்தானிய விஞ்ஞானி ஹால்டேன் 1908இலேயே வெளியிட்டார். அதற்கிடையில் நாற்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆழமறியாமற் காலை விடாதே என்பது நமது முதுமொழி. ஈஜியன் கடலின் இளைஞர்களோ, ஆழத்தை அறிந்தும் அதன் தன்மையை அறியாமற் காலை விட்டார்கள். அயல் தீவாகிய கலிம்னோசில், நடுங்குங் கால்களோடு தடியூன்றி நடக்கும் பஞ்செடுப்பவனைக் காட்டும் நடனம் ஒன்று இன்றும் ஆடப்படுகின்றது.

சிமியின் பஞ்செடுப்பவர்கள் உலகுக்கு அளித்த பெரும் பரிசு ஒன்றும் உண்டு. 1900ஆம் ஆண்டிலே, டிமித்ரியோஸ் கொண்டோஸ் என்ற தலைவனின் வள்ளம் புயலுக்கு ஒதுங்கி அந்திகித்தெரா தீவினருகில் நின்றது. அங்கே கடலில் இறங்கிய எலியாஸ் ஸ்தாதியாத்திஸ், பிணக் குவியல் ஒன்றைக் கண்டதாகப் பயந்து மேலே வந்தான். உண்மையில் அவன் கண்டவை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமுன் மூழ்கிய கப்பலொன்றிற் கிடந்த சிலைகள். அவற்றுடன் மேலே வந்த ஒரு துருப்பிடித்த வெண்கலக் கட்டியில் 1902இற் பற்சக்கரம் ஒன்று கண்டறியப்பட்டது. சூரிய சந்திரரின் ஓட்டத்தையும் கிரகணங்களையும் கணித்த அந்த வியத்தகு யந்திரம் இன்று ஏதென்ஸ் தேசிய தொல்பொருட் சாலையில் இருக்கின்றது. அதனை மீட்ட வேலையில் ஒருவர் இறந்தார். இருவர் கால் வழங்காதவராயினர். சாலையிற் கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்போருள் எத்தனை பேர் அம்மூவரை நினைக்கின்றார்களோ!

பின்னர் 1912இல் இத்தாலியர் ஆட்சி வந்தது. துருக்கிக் கரையோடு நடந்த பழைய போக்குவரத்து அறுந்தது. நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல் தொழிலை அழித்தன. இரண்டாம் மகாயுத்தத்தின்பின் செயற்கைப் பஞ்சு வந்தது. 1986 முதல் மத்தியதரைக் கடலிற் பரவிய நோய் எஞ்சிய பஞ்சுகளையும் அழித்தது. மக்கள் புளோரிடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். மாளிகைகளின் கூரைகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்தன.

இரண்டு அறை வீடு

படிகள் முடிந்து மேலூராகிய கோரியோவை அடைந்தபொழுது பகல் பன்னிரண்டு ஆகிவிட்டது. இங்கே பாதை ஒழுங்கைகளாகப் பிரிகின்றது. வீடுகள் சிறியன, நெருக்கமானவை. கோட்டைக்குப் போகும் வழியைத் தவறவிட்டு, ஒரு முட்டுச் சந்தில் அகப்பட்டுக்கொண்டோம்.

சந்தின் முடிவிலிருந்த முற்றத்தில், கறுப்புடை அணிந்த ஒரு மூதாட்டி பூச்சாடிகளுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். முற்றத் தரையில் வெண்கூழாங்கற்களும் கருங்கூழாங்கற்களும் பதித்துக் கோலம்போல் ஒரு சித்திரம் அமைத்திருந்தார்கள். மனைவி அதைக் கண்டதும் தன்னை மறந்து நின்றுவிட்டாள். மூதாட்டி நிமிர்ந்து பார்த்து, எங்களை உள்ளே வருமாறு கையசைத்தார்.

அவர் ஆங்கிலம் பேசினார். மெல்போண் நகரில் முப்பது ஆண்டுகள் தையல் வேலை செய்துவிட்டு, கணவர் இறந்தபின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவராம். எங்களை நிழலில் இருத்தி, ஒரு தட்டிற் குளிர்ந்த நீரும், சீனிப்பாகில் ஊறவைத்த பழமும் கொண்டுவந்தார். கரண்டியளவு பழம், அதன்மேல் ஒரு மிடறு நீர். வருவோரை உபசரிக்கும் கிரேக்க முறை அது. "தொட்டித் தண்ணீர். என் பாட்டனார் வெட்டிய தொட்டி" என்று சொன்னார்.

"உங்கள் பாட்டனாரும் பஞ்செடுத்தவரோ?" என்று கேட்டேன்.

"ஆம்" என்றார்.

"அப்படியாயின் இந்த வீடும் பஞ்சுப் பணத்திற் கட்டியதுதானே?"

அவர் சிரித்தார். "பஞ்சுப் பணத்திற் கட்டிய வீடுகளை நீங்கள் வழியிற் கண்டிருப்பீர்கள். அவை வணிகர்களுடையவை, கப்பற்காரருடையவை. கடலடிக்குப் போனவர்களின் வீடுகள் இவை. இரண்டு அறை" என்று வீட்டைக் காட்டினார்.

அவருடைய பாட்டனார், கிறிஸ்து உயிர்த்த திருநாள் கழிந்ததும் வள்ளமேறி ஆபிரிக்கக் கரைக்குப் போவார். மாரி தொடங்குமுன் மீள்வார். போகுமுன் முற்பணங் கிடைக்கும். அதைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வருவது நிச்சயமில்லை அல்லவா? இருபத்தாறாவது வயதில் அவர் திரும்பி வந்தபொழுது இருவர் தாங்கித்தான் கரையில் இறக்கினார்கள். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அந்தச் சாளரத்தருகில் இருந்து வலை பின்னினார். தாம் நடக்க இயலாத படிகளை அவர் ஒருநாளேனும் சபித்ததில்லையாம். ஆனால் எவரேனும் வீட்டிற் பஞ்சினால் எதையாவது துடைத்தால் மட்டும் எழுந்து போகச் சொல்வாராம்.

என் சட்டைப் பையில் உள்ளங்கை அளவான பஞ்சு இருந்தது. அதன்மேல் என் கை தானாகச் சென்று மூடிக்கொண்டது.

பேத்தி மட்டும் அதைக் கவனித்துவிட்டார். "வெட்கப்படாதீர்கள்; வாங்கியது நல்லது. வாங்குபவர்கள் இல்லாவிட்டால் எங்கள் கதையைக் கேட்பவர்களும் இல்லை" என்றார்.

புறப்படும்பொழுது நான் பணம் கொடுக்க நினைத்தேன். மனைவி கண்ணாலே தடுத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு சிறு தேயிலைப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இலங்கைத் தேயிலையோ?" என்று மூதாட்டி அதை முகர்ந்து பார்த்து மகிழ்ந்தார். பின்னர் ஒழுங்கை முனைவரை வந்து, கோட்டைக்கு வழி காட்டினார்.

கோட்டையும் கடிகாரமும்

மேலூரின் உச்சியிலே பண்டைக் கிரேக்கரின் அரண் இருந்தவிடத்தில், புனித யோவான் வீரர்கள் மத்திய காலத்திற் கோட்டை கட்டினர். இரண்டாம் மகாயுத்தத்தில் ஜேர்மன் படையினர் அங்கே வெடிமருந்தைச் சேர்த்து வைத்திருந்தனர். 1944இல் தீவை விட்டு நீங்கும்பொழுது அதற்குத் தீ வைத்தனர். கோட்டையிலிருந்த தேவாலயமும் சூழ இருந்த வீடுகளும் தகர்ந்தன. கூரையற்ற வீடுகள் எல்லாம் வறுமையினால் மாத்திரம் அப்படி ஆனவையல்ல என்பதை அங்கே உணர்ந்தேன். அடுத்த ஆண்டு, 1945 மே 8ஆந் திகதி, பன்னிரு தீவுகளையும் ஜேர்மனியர் பிரித்தானியரிடம் ஒப்படைத்த பத்திரம் இதே சிமியின் துறைக்கரையிற் கைச்சாத்தாயிற்று. 1948இல் தீவுகள் முறைப்படி கிறீசுடன் இணைந்தன.

கோட்டைச் சுவரில் இருந்து பார்த்தால் ஒரு பக்கம் யாலோஸ் துறை, மறு பக்கம் பேதி என்னும் பசிய பள்ளத்தாக்கு, அப்பாற் கடல், அதற்கப்பால் துருக்கி மலைகள். எங்கள் கப்பல் ஒரு விளையாட்டுப் பொருளைப்போல் நீரில் மிதந்தது. இவ்வளவு பெரியது என்று நாம் எண்ணியது எவ்வளவு சிறியது!

அந்த எண்ணத்தில் இருந்த என்னை மனைவி கடிகாரத்தைக் காட்டி எழுப்பினாள். மணி இரண்டே கால். சிறிய பஸ் அப்பொழுதுதான் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்ததற்காக நின்றாற் பிந்திவிடும். இறங்கத் தொடங்கினோம்.

படி ஏறுவது மூச்சுக்குச் சோதனை. இறங்குவது முழங்காலுக்குச் சோதனை. நூற்றாண்டுகளாகப் பாதம்பட்டு வழுவழுப்பான கற்கள். பாதிவழியில் மனைவியின் வலது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. அவள் சுவரைப் பிடித்தும் என் தோளைப் பிடித்தும் ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூன்று மணி அடித்தபொழுது துறை இன்னுங் கீழேயே கிடந்தது. கப்பல் போய்விட்டால் அடுத்த தீவுக்கு எப்படிச் செல்வது, கடவுச்சீட்டுக்கள் கப்பலில் அல்லவா என்றெல்லாம் என் மனம் அலைந்தது. அவளோ ஒரு திருப்பத்தில் நின்று, "அந்த மனுசன் ஐம்பது வருசம் இந்தப் படியாலே இறங்கேல்லை. நான் இறங்கிறன்தானே, பேசாமல் வாருங்கோ" என்றாள். அதன்பின் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

துறையை அடைந்தபொழுது வள்ளக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் மீண்டும் கட்டினான். காலையில் எச்சரித்த அதே அதிகாரி, மனைவியின் கையைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினார். கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இத்தகைய தீவுகளிலே தனியே நடந்து பார்க்க எண்ணும் வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வழுக்காத சப்பாத்தும், தொப்பியும், போத்தலில் நீரும் அவசியம். தேவாலயங்களுள் நுழையத் தோளையும் முழங்காலையும் மூடும் உடை வேண்டும். பகல் உணவின்பின் பல கடைகள் மூடிவிடும். மேலே போக எடுத்த நேரமே கீழே வரவும் எடுக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்; கடைசி வள்ளத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகத் துறைக்கு வந்துவிடுங்கள். நாங்கள் செய்ததைப்போற் செய்யாதீர்கள்.

கப்பல் முனையைச் சுற்றித் திரும்பும்வரை மேல்தளத்தில் நின்றோம். மாலை வெயில் மறுபுறத்திலிருந்து அதே வீடுகளின்மீது விழுந்தது. காலையிற்போலவே சுற்றி நின்றோர் படம் எடுத்தார்கள். எங்கள் கண்கள் மட்டும் அந்த மாளிகைகளைத் தாண்டி மேலே சென்றன. கோட்டையின் அடியிலே, நெருங்கிக் கிடந்த சிறு கூரைகளின் நடுவில் அந்த முற்றம் எது என்று தேடினோம். மனைவி ஒன்றைச் சுட்டிக்காட்டி, "அதுதான்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நானும் கையை உயர்த்தி அசைத்தேன்.